பல்லும் மரபும்

"எங்கள் குடும்பத்துப் பல்லே இப்படித்தான்" என்று கூறிப் பலர் அமைந்துவிடுகின்றனர். இக்கூற்றில் உண்மை எத்துணை என்பதை ஈண்டு ஆராய்வோம்.

சிந்துப் பகுதியில் வாழ்ந்த ஓர் இந்துக் குடும்பத்தைப் பற்றிச் சார்லஸ் டார்வின் 1875ஆம் ஆண்டு நூற்பதிப்பொன்றில் குறிப்பிடுகின்றார். அக்குடும்பத்தில் நான்கு தலைமுறைகளில் ஆடவர் பதின்மருக்கு, இரு தாடைகளிலும் சேர்த்து வெட்டுப்பற்கள் நான்கும் கடைவாய்ப்பற்கள் எட்டுமே இருந்தன. உடலில் உரோமம் மிகக் குறைவு. கோடையில் தோல் வறண்டு அல்லலுற்றனர். பெண்மக்களுக்கு இக்குறை இல்லை. ஆயினும் அவர்கள் வழியே அது பேரர்களைச் சென்றடைந்தது. தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றதே இல்லை.

இப்புதிருக்குரிய விடை எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆண்மகன் அதனைத் தாயிடமிருந்தே பெறுகின்றான்; தந்தை அவனுக்கு அளிப்பது ஒய் குரோமோசோம். கருவில் பல், முடி, வியர்வைச் சுரப்பி ஆகியன உருவாகத் துணைபுரியும் மரபணு ஒன்று எக்ஸில் இருப்பதை அறிவியலார் 1996இல் கண்டறிந்தனர். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு. ஒன்று பழுதுற்றாலும் மற்றொன்று பெரிதும் ஈடுசெய்கின்றது.

இக்குறையுடைய குழந்தைக்கு வியர்வை போதிய அளவு சுரப்பதில்லை. அதனால் உடல்வெப்பம் மிகுந்து உயிருக்கே ஊறு நேரலாம். எனவே, பற்கள் முளையாதிருப்பின் 'பரம்பரை' என வாளாவிராது மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும். தாயைப் பழித்தலும் அறமன்று. தம் மரபணுவைத் தாமே தேர்ந்து பிறந்தவர் எவருமிலர்.

பலரையும் வாட்டும் பற்சொத்தையோ வேறு வகையினது. எனாமலின் வன்மை, உமிழ்நீரின் இயல்பு ஆகியவற்றில் மரபுக்குப் பங்குண்டு. ஆயினும், வாயிலுள்ள பாக்டீரியா சர்க்கரையை அமிலமாக மாற்றி எனாமலை அரிப்பதனாலேயே சொத்தை உண்டாகின்றது. குடும்பத்தில் வழிவழி வருவது மரபணு மட்டுமன்று. இனிப்பை அடிக்கடி உண்ணும் வழக்கமும், இரவில் பல் துலக்காது உறங்கும் பழக்கமும் உடன் வருகின்றன. எனாமலை ஆக்கும் உயிரணுக்கள் பல் முளைக்குங்கால் அழிந்துவிடுவதால், இழந்த எனாமல் மீண்டும் வளராது.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிஸ்வாக் கொண்டு பல் துலக்குவதைப் பெரிதும் வலியுறுத்தினார்கள். பெற்றோர் நாள்தோறும் பல் துலக்குவதைக் கண்டு வளரும் குழந்தை தானும் அதனைக் கைக்கொள்ளும். மரபணுவைத் தேர்ந்தளித்தல் நமக்கு இயலாது. இந்நற்பழக்கத்தை நம் மக்களுக்கு அளித்தல் நமக்கு இயலும்.