உழைச்செல்வானின் முதுகெலும்பு

திருவள்ளுவர் மருத்துவத்திற்கு வகுத்த நான்கு கூறுகளுள் ஒருவர் உழைச்செல்வான். நோயாளியின் அருகிருந்து பணிபுரிபவர். 'உழை' என்பதற்குப் பக்கம் என்பது பொருள். 1965இல் பாளையங்கோட்டையில் தொடங்கப்பெற்ற திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் அவரை இன்றும் காணலாம். சொல் ஆண்பாலில் நின்றாலும் அப்பணியில் நிற்போர் பெரும்பாலும் பெண்களே: செவிலியர், பணியாளர், நோயாளியின் மகள், மருமகள்.

கட்டிலில் கிடப்பவரைத் தூக்க அவர் குனிந்து கைகளை நீட்டுகிறார். சுமை உடலைவிட்டு விலக விலக, இடுப்புப் பகுதியின் ஐந்து முள்ளெலும்புகளுக்கும் இடைவட்டுகளுக்கும் ஏற்படும் அழுத்தம் பன்மடங்காகிறது. தாமிரபரணிக் கரை வயல்களில் நெற்கட்டு சுமந்தோர் சும்மாடு வைத்து, சுமையை முதுகெலும்புக்கு நேர்மேலே நிறுத்தினர். நோயாளியை அவ்வாறு சுமக்க இயலாதே! நெற்கட்டு திமிறாது, வலியில் துடிப்பவரோ திமிறுவார்.

எனவே, முழங்காலை மடக்கி முதுகை நிமிர்த்தித் தூக்கக் கற்பிப்பது மட்டும் போதாது. அமெரிக்க ஆய்வாளர் தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் வெளியிட்ட கணக்கின்படி, சூழல் ஏற்றதாக இருப்பினும், ஒருவர் நோயாளியைக் கையால் தூக்கத்தக்க அளவு ஏறத்தாழ 16 கிலோவே. 60 கிலோ எடையுள்ளவரை இருவர் தூக்கினாலும் அளவு மீறும். தூக்காதிருக்கக் கற்பதே பயிற்சியின் முதற்பாடம். கட்டிலை இடுப்பளவு உயர்த்துவர். நோயாளியால் இயன்றவரை அவரையே காலூன்றச் செய்வர். இயலாதவரை வழுக்கு விரிப்பின்மேல் நகர்த்துவர். கட்டிலின் சக்கரங்களைப் பூட்டிய பின்னரே தலைமாட்டில் நிற்பவர் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணுவார். மூன்றாம் எண்ணில் அனைவரும் ஒருங்கே இழுப்பர்.