முடிவை முதலில் எழுதுங்கள்

தொழில்நுட்ப உத்தியோகத்தராகச் சேர்ந்து ஒரு வருடமாகிறது. வடிகான், மதகு என்று பார்த்துவிட்டு ஆறேழு பக்கத்தில் அறிக்கை கொடுக்கிறேன். மேலதிகாரிகள் வாசிப்பதில்லை. "விஷயத்தைச் சுருக்கமாச் சொல்லுங்க தம்பி" என்று தொலைபேசியில் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர் ஒருவர், பொத்துவில்

தொலைபேசியில் என்ன சொன்னீர்களோ, அதையே முதல் வரியாக எழுதுங்கள் தம்பி. மேலதிகாரிக்கு வேண்டியது நீங்கள் வெயிலில் நின்ற கதையல்ல. எதற்குக் கையெழுத்து வைப்பது என்பதுதான்.

"மேற்படி விடயம் தொடர்பாகக் களப்பரிசோதனை மேற்கொள்ளப்பட்டது" என்று தொடங்கினால் அவர் அங்கேயே கொட்டாவி விட்டுவிடுவார். "வடிகான் சுவர் 12 மீற்றர் நீளத்துக்குச் சாய்ந்துள்ளது. மாரிக்கு முன், ஒக்டோபருக்குள் திருத்தாவிட்டால் வெள்ளம் வீதிக்கு ஏறும். இன்ன தொகை தேவை" என்று தொடங்குங்கள். பிறகு காரணம், அதன் பிறகு ஆதாரம்.

அளந்ததையும் ஊகித்ததையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். "கணிசமான வெடிப்பு" என்பது அளவே இல்லை, எத்தனை மில்லிமீற்றர்? வெடிப்பின் பக்கத்தில் அளவுநாடாவை வைத்து ஒரு படம் எடுத்தால் அரைப் பக்கம் மிச்சம்.

1940 ஆகஸ்டில், இரண்டாம் உலக யுத்தத்துக்கு நடுவே, பிரித்தானியப் பிரதமர் சேர்ச்சில் தன் அதிகாரிகளுக்கு அனுப்பிய குறிப்பும் இதைத்தான் கேட்டது: முக்கிய விடயங்கள் சிறு பத்திகளில், விரிவான பகுப்பாய்வும் புள்ளிவிபரங்களும் பின்னிணைப்பில். அந்தக் குறிப்பே ஒரு பக்கம்தான்.

கணக்குகளையும் அட்டவணைகளையும் எறிந்துவிடாதீர்கள். பின்னிணைப்பாகக் கோவையில் இருக்கட்டும். கணக்காய்வுக்கு வருபவர் ஒரு வரி விடாமல் வாசிப்பார்.