கறுப்புக் காய்க்கும் காலம் வரும்

குதிரை 64 கட்டங்களையும் சுற்றிவரும் புதிர்களை அமைத்த மும்மடி கிருஷ்ணராஜ உடையார் மன்னராக இருந்த ஊர் நம் மைசூர். இவ்வூரில் வளரும் என் மகளுக்கோ, கறுப்புக் காய் கிடைத்தாலே முகம் வாடிவிடும். "எப்படியும் தோக்கத்தானே போறேன், அப்பா" என்பாள். ஆகவே இருவரும் சேர்ந்து கேரோ-கான் தற்காப்பைக் கற்றோம். கேரோ, கான் என்ற இருவர் 1886-இல் ஆராய்ந்து வெளியிட்ட முறை இது.

வெள்ளை இ4 ஆடினால் நாம் சி6. அடுத்து டி4 என்றால் டி5. வெள்ளை அதை வெட்டினால் சி6 சிப்பாயால் திருப்பி வெட்டலாம். பலகையின் நடுப்பகுதி கைவிட்டுப் போகாது. வெட்டாமல் இ5 எனத் தள்ளினால், முதலில் பிஷப்பை எஃப்5-க்குக் கொண்டுவாருங்கள், பிறகுதான் இ6. அவசரப்பட்டு இ6-ஐ முதலில் ஆடினால் பிஷப் உள்ளேயே அடைபட்டுவிடும். என் மகள் பலமுறை செய்த தவறு இதுதான்.

அரண் அமைந்தபின் சி5 தள்ளி, டி4 சிப்பாயைத் தாக்க வேண்டும். அந்தச் சிப்பாய் இருமுறை நகர்வதால் ஒரு நகர்த்தல் செலவாகும். உறுதிக்கு நாம் கொடுக்கும் விலை அது.

சென்ற மாதம் தன்னைவிட மூத்த பையனிடம் கறுப்பில் ஆடிச் சமன் செய்தாள். வீட்டுக்கு வந்ததும், "அப்பா, இன்னிக்கும் எனக்குக் கறுப்பு" என்று பலகையை விரித்தாள். உங்கள் பிள்ளைகளோடும் ஆடிப் பாருங்களேன்.