"முடியல" என்ற சொல்லுக்குள்ளே என்ன இருக்கு?

ஓம் சரவணபவ. 

இன்றைய பதிவு நம் வீட்டுப் பெரியவர்களைப் பற்றியது. நீங்களே அந்த வயசில் இருந்தால், உங்களைப் பற்றியது. கொஞ்சம் பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

எங்கள் கிருத்திகை பஜனைக் குழுவில் பாதிப் பேர் 60 வயதைத் தாண்டியவர்கள். அவர்களில் யாராவது வருவதை நிறுத்திவிட்டால், "பாவம், வயசாயிடுச்சு, முடியல" என்று சொல்லிவிட்டு எல்லோரும் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவோம். ஒரு பாட்டி அப்படித்தான் நாலு மாதம் வரவில்லை. கேட்டதற்கு முழங்கால் வலி என்றார். வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினபோதுதான் மெதுவாகச் சொன்னார்: "ரெண்டு மணி நேரம் என்னால அடக்க முடியாதும்மா. எந்திரிச்சா எல்லாரும் பாக்குறாங்க. பாத்ரூம் எங்கன்னு யார்கிட்ட கேக்குறது?" அடுத்த கிருத்திகைக்கு வாசல் பக்கம் ஒரு நாற்காலி போட்டோம். வந்தவுடனே ஒருத்தர் அவர் காதோடு இடத்தைச் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். இப்போது தவறாமல் வருகிறார்.

15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த அருணகிரிநாதர், திருச்செந்தூர் முருகன்மேல் பாடிய ஒரு திருப்புகழில் முதுமையை அப்படியே கண்முன் நிறுத்துகிறார். முடி வெளுப்பது, பல் ஆடுவது, முதுகு வளைவது, கையில் தடி, இருமல், மங்கிய கண், மந்தமான காது என்று வரிசையாக வருகிறது. அதே மூச்சில், இந்தக் கிழவன் யார் என்று பெண்கள் சிரிப்பதையும், சொத்து என்ன, கடன் என்ன என்று பிள்ளைகள் நெருக்குவதையும் சொல்கிறார். உடம்பு தரும் வலியையும் மனுஷங்க தரும் வலியையும் அவர் பிரிக்கவே இல்லை. நாமதான் பிரிச்சு, உடம்புக்கு மட்டும் மாத்திரை வாங்கித் தருகிறோம்.

இது நடக்கும் விதத்தைப் பாருங்க. கால் வலிக்கிறது, வெளியே போவது குறைகிறது. நடக்காததால் தொடைத் தசை இன்னும் இளைக்கிறது. விழுந்துவிடுவோமோ என்ற பயம் வருகிறது. பேச ஆள் இல்லை. பகலில் படுத்தே கிடப்பதால் ராத்திரி தூக்கம் வருவதில்லை, பசியும் போகிறது. மனசு சோர்ந்தால் அதே கால் வலி இரண்டு மடங்காகத் தெரிகிறது. இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியை அறுத்தாலும் போதும். எங்கே அறுக்கலாம்?

1. கால்: "ரெஸ்ட் எடுங்க" என்று முழுசாக உட்கார வைக்காதீங்க. மூட்டுத் தேய்மானத்துக்கு அளவான நடையும் தொடைத் தசையை வலுவாக்கும் பயிற்சியும் நல்லது. கெட்டியான நாற்காலியில் உட்கார்ந்து எழுவதே ஒரு பயிற்சிதான். டாக்டரையோ பிசியோதெரபிஸ்டையோ கேட்டு ஆரம்பிக்கலாம். கைத்தடி பிடிக்க வெட்கப்படுபவர்களுக்கு நான் சொல்வது: பழனியாண்டவர் கையிலேயே தண்டம் இருக்கு, நமக்கென்ன?

2. காது: வயசில் வரும் காது மந்தத்தில் மெல்லிய, கூர்மையான ஒலிகள்தான் முதலில் போகும். அதனால்தான் "சத்தம் கேக்குது, என்ன சொல்றீங்கன்னு புரியல" என்கிறார்கள். கத்தினால் புரியாது, திட்டுகிறோம் என்றுதான் நினைப்பார்கள். டிவியை அணைத்துவிட்டு, முகத்துக்கு நேராக, நிதானமாகப் பேசுங்க. காது பரிசோதனையைத் தள்ளிப் போடாதீங்க. லான்செட் மருத்துவ இதழின் குழு 2024இல், மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. காது மந்தம், சரிசெய்யாத பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை நாலுமே அதில் இருக்கின்றன.

3. கண்ணும் வெளிச்சமும்: கண்புரையை ஆபரேஷனில் சரி செய்யலாம். வீட்டில் படுக்கையிலிருந்து பாத்ரூம் வரை ஒரு நைட் லேம்ப், சுவரில் கைப்பிடி, வழுக்காத தரை இருந்தால் விழும் பயம் பாதி போய்விடும்.

4. சிறுநீர்: இதைத்தான் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை. வெளியே போகணுமே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காத பெரியவர்கள் இருக்கிறார்கள். பெண்களுக்கு இடுப்புத்தளத் தசைப் பயிற்சியும், ஆண்களுக்கு வரும் பிராஸ்டேட் வீக்கத்துக்கு மருந்தும் உண்டு. தனியாகக் கூப்பிட்டு, கௌரவம் குறையாமல் கேளுங்க.

5. பொறுப்பு: "நீங்க சும்மா இருங்கப்பா, நாங்க பாத்துக்குறோம்" என்பது அன்பில் சொல்வதுதான். ஆனால் தினமும் கேட்டால், தான் யாருக்கும் தேவையில்லை என்று அவருக்குத் தோன்றும். மலை ஏற முடியாதவரால் பூ கட்ட முடியும். நிற்க முடியாதவரால் பேரப்பிள்ளைக்குக் கதை சொல்ல முடியும். எங்கள் குழுவில் அடுத்த பூஜை தேதியை எல்லோருக்கும் போனில் சொல்வது ஒரு தாத்தா. படியேற முடியாதவர், ஆனால் வாரத்தில் எல்லோரிடமும் பேசுபவர் அவர்தான். ஔவைப் பாட்டியிடம் நாவல் மரத்தடியில் வாயாடிய சிறுவனை நினைச்சுப் பாருங்க. அந்தப் பேச்சுதான் வேணும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் ஆர்வமில்லாமல், சாப்பாடும் தூக்கமும் கெட்டு, காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், "வயசானா அப்படித்தான்" என்று விடாதீங்க. பெரியவர்களுக்கு மனச்சோர்வு பல நேரம் உடம்பு வலியாகத்தான் வெளியே வரும். அதற்குச் சிகிச்சை உண்டு. "நான் போய்ச் சேர்ந்தா தேவலை" என்று சொன்னால் அன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்க. மனநல ஆலோசனைக்கு 14416, முதியோர் உதவிக்கு 14567. இரண்டும் அரசின் இலவச எண்கள்.

கோயிலுக்கு அழைத்துப் போக நினைப்பவர்களுக்கு: பழனியில் 693 படிகள் ஏற முடியாவிட்டால் 1966இலிருந்து இழுவை ரயில் இருக்கிறது, 2004இலிருந்து ரோப் காரும் இருக்கிறது. காற்று பலமாக இருந்தாலும், பராமரிப்பு நாட்களிலும் ரோப் கார் ஓடாது, விசாரித்துவிட்டுப் புறப்படுங்க. திருத்தணியில் மலைமேல் வரை வண்டி போகும். கூட்டமான விசேஷ நாட்களைத் தவிர்த்து, சாதாரண நாளில் காலையிலேயே போனால் அவர்களுக்கும் நிம்மதி.

இன்றைக்கு உங்கள் வீட்டுப் பெரியவரிடம், "எது முடியல? எது இருந்தா முடியும்?" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்க. வீட்டில் யாரும் இல்லாத பெரியவர் பக்கத்துத் தெருவில் இருந்தால் அவரிடமும் கேளுங்க. பதில் வர நேரமாகும். எழுந்துவிடாதீங்க.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!