மகிழம்பூவைப் பறிக்காதீர்கள்

எங்கள் வீட்டு மகிழ மரம் முதல்முறையாகப் பூத்திருக்கிறது. பூ மிகச் சிறியது, பறிக்கவும் எட்டவில்லை. மாலை கட்டுவது எப்படி? — ஒரு வாசகி, தஞ்சாவூர்

பறிக்கவே வேண்டாம், அம்மா. தானாகவே உதிரும். இரவில் மரத்தடியில் பழைய வேட்டி ஒன்றை விரித்துவிட்டுத் தூங்கப் போங்கள். உதிர்ந்த பூவின் நடுவில் துளை இருக்கும். ஊசி நூலில் கோத்தால் மாலை ஆயிற்று. நம்மாழ்வார் மார்பில் கிடப்பது மகிழ மாலைதான். வாடினாலும் வாசம் போகாது, மல்லிகைக்கு வராத வித்தை இது. காய்ந்த பூவைத் துணியில் முடிந்து பட்டுப்புடவைகளுக்கு நடுவே வையுங்கள்.

திருவொற்றியூர்க் கோயிலின் தலமரமும் மகிழம்தான். மணக்கவிருந்த சங்கிலியாரைப் பிரியேன் என்று நாயனார் சுந்தரர் சத்தியம் செய்தது அதன் அடியில். (காப்பாற்றினாரா என்பது வேறு கதை.)

ஆரஞ்சு நிறத்தில் பழம் வந்தால் அணிலுக்கு முன்பே தின்று பாருங்கள். துவர்ப்பும் இனிப்புமாக இருக்கும்.