கசகசா பொட்டலம் வேண்டாம்

கேள்வி: என் தம்பி முதன்முறையாகச் சரக்குக் கப்பலில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். துபாய் ஜெபல் அலி துறைமுகத்துக்குப் போகிறானாம். எதில் கவனமாக இருக்க வேண்டும்?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: முதலில் அவன் பையைப் பாருங்கள், சகோதரி. அம்மா கட்டிக்கொடுத்த மசாலாவில் கசகசா இருந்தால் எடுத்துவிடுங்கள். நாம் குருமாவுக்கு அரைப்பதுதான்; ஆனால் அமீரகத்தில் அது போதைப்பொருள் கணக்கில் வரும் தடைப்பொருள். ஒரு சிட்டிகைகூடக் கூடாது. ‘தெரியாமல் கொண்டுவந்துவிட்டேன்’ என்றால் விட்டுவிடுவார்கள் என்று நம்பவே வேண்டாம். கோடீன் கலந்த இருமல் மருந்து, டிரமடால் மாத்திரை இவற்றுக்கு டாக்டர் சீட்டோடு முன் அனுமதியும் வேண்டும்.

துறைமுகத்துக்குள் செல்போனில் படம் எடுக்கக் கூடாது. வெளியிலும் முன்பின் தெரியாதவர்களை, குறிப்பாகப் பெண்களை, அனுமதியில்லாமல் எடுப்பது வம்பு. ரமலான் மாதப் பகலில் தெருவில் நின்று தண்ணீர் குடிப்பதைக்கூடத் தவிர்க்கட்டும். துபாயில் உரிமம் பெற்ற இடங்களில் மது உண்டு. பக்கத்து ஷார்ஜாவில் மதுவுக்குத் தடை. குடித்துவிட்டு அந்த எல்லையைத் தாண்டினால் கைதாகவும் நேரலாம்.

கரையிறங்கும் பாஸை ஒரு நிமிடமும் பிரியக் கூடாது. கப்பல் ஏஜென்டின் எண்ணைக் காகிதத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். போனில் சார்ஜ் தீர்ந்தால் அதுதான் கைகொடுக்கும்.