முதுகில் புத்தர் வேண்டாங்க

எங்கள் வீதி பிரிண்டிங் பட்டறையில் போன தீபாவளிக்கு முந்தின வாரம் பதினாலு பீஸ் மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஷிப்மெண்ட் சரக்கு இல்லை. ஒரே குடும்பத்துக்கானது, மூன்று வயசுப் பையன் சைஸிலிருந்து டபுள் எக்ஸ்எல் வரைக்கும். நெஞ்சில் 'ஸ்ரீலங்கா டூர்'. முதுகில் கண்மூடி உட்கார்ந்திருக்கும் புத்தர், பொன் நிறக் கோட்டில். டிசைன் ஏது என்று கேட்டேன். "ஐரோப்பா பையருக்குப் போட்ட ஸ்க்ரீனுங்க, யோகா ஸ்டைல். சும்மாதான கெடக்குதுன்னு எடுத்துட்டோம்."

யானை போட்டுக்கொள்ளுங்கள், புத்தர் வேண்டாம் என்றேன். டூருக்குக் கிளம்பியிருந்த வீட்டுப் பெரியவருக்கு முகம் சுருங்கிவிட்டது. "சாமி படந்தானுங்களே, மரியாதையாத்தான போடறோம்?"

முருகன் படம் போட்ட பனியனோடு பழனிக்கு நடக்கிற ஊர்க்காரர் அப்படித்தான் கேட்பார். ஆனால் இலங்கையில் புத்தர் உருவத்தை உடையிலோ உடம்பிலோ ஏற்றிக்கொள்வது அவமதிப்பு. 2014-ல் கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த ஒரு பிரிட்டிஷ் பெண்ணைக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே பிடித்து, ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அது தவறு, இழப்பீடு கொடுங்கள் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. மூன்று வருஷம் கழித்து வரும் நியாயத்தால் போன லீவு திரும்பி வருமா? 2019-ல் நடந்தது இன்னும் விசித்திரம். கப்பல் சுக்கான் அச்சிட்ட கவுன் போட்டிருந்த உள்ளூர்ப் பெண் ஒருவரை, அது தர்மசக்கரம் என்று சொல்லிக் கைது செய்தார்கள். ஒரு பிரிண்ட் எந்த ஊரில் எப்படிப் படிக்கப்படும் என்பது பனியன்காரனுக்குத் தெரியாத விஷயமில்லை. லீவு என்று வந்தால் மறந்துவிடுகிறோம். புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டி நின்று செல்ஃபி எடுப்பதும் அதே கணக்கில்தான் சேரும். விகாரைக்குள் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். யாழ்ப்பாணம் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலிலோ ஆண்கள் மேல்சட்டையையே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக முடியும். அங்கே நம் தயாரிப்புக்கு வேலையே இல்லை.

பதினாலு பீஸும் யானையோடு போயின. அன்றிலிருந்து எங்கள் ஊர்க் காதர்பேட்டை, அவிநாசி ரோடு டீக்கடைகளில் இலங்கை டூர் பற்றி யார் எதைச் சொன்னாலும் காது அந்தப் பக்கம் போய்விடுகிறது.

"தீபாவளி லீவுதாங்க தோது." இதுதான் அதிகம் கேட்பது, அதிகம் பணத்தைக் கரைப்பதும் இதுதான். நமக்குத் தோது என்பது சரி. போனஸ் போட்டாயிற்று, வடநாட்டுப் பையன்கள் ரயிலேறியாயிற்று, கம்பெனி ஒரு வாரம், பத்து நாள் பூட்டு. தீவுக்குத் தோதா என்று யாரும் கேட்பதில்லை.

இலங்கைக்கு இரண்டு பருவமழை. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்கு மழை கொழும்பு, காலி, மலையகத்தின் மேற்குச் சரிவு என்று பெய்யும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வடகிழக்கு மழை திருகோணமலை, மட்டக்களப்பு, யாழ்ப்பாணம் பக்கம். நடுவில் நிற்கும் மலை ஒரு பக்கத்து மழையை மறுபக்கம் விடாது. வால்பாறையில் கொட்டும்போது பல்லடத்தில் வெறும் காற்று அடிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிக்கல் என்னவென்றால், இரண்டுக்கும் இடைப்பட்ட அக்டோபர், நவம்பரில் மலை எந்தப் பக்கத்தையும் காப்பாற்றாது. பிற்பகலானால் தீவு முழுக்க இடியும் மழையும். வங்கக் கடல் புயலும் இந்தக் கணக்கில்தான் வரும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டிட்வா புயலில் மலையகம் சரிந்து 600 பேருக்கு மேல் செத்துப்போனார்கள்.

என்னைக் கேட்டால் பொங்கல் லீவுக்குத் தெற்கும் மேற்கும்: காலிக் கோட்டை, மிரிஸ்ஸ கடற்கரை. பிள்ளைகளின் மே மாத லீவுக்குக் கிழக்கும் வடக்கும். திருகோணமலைக் கடல் அப்போது குளம் மாதிரி கிடக்கும். தீபாவளிக்கே போய்த்தான் ஆக வேண்டும் என்றால், காலையில் அனுராதபுரம், பொலன்னறுவை. இரண்டு மணிக்கு மேல் கூரைக்குள். மலை ரயிலுக்கு டிக்கெட் போடும் முன் அந்தப் பாதையில் வண்டி ஓடுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏப்ரல் நடுவில் போகிறவர்களுக்கு ஒன்று: சித்திரைப் புத்தாண்டு அங்கே சிங்களவருக்கும் தமிழருக்கும் பொது. கொழும்பில் பாதிக் கடை சில நாள் திறக்காது.

"நாகப்பட்டினத்துல கப்பல் ஏறிக்கலாம்" என்பதையும் இங்கேயே முடித்துவிடலாம். காங்கேசன்துறைக்குக் கப்பல் 2023 அக்டோபர் 14-ல் தொடங்கியது. மழைக்காலம் என்று சொல்லி ஒரு வாரத்தில் நிறுத்தினார்கள். 2024 ஆகஸ்டில் மறுபடி விட்டார்கள். மழை வந்ததும் மறுபடி நின்று, 2025 பிப்ரவரியில்தான் ஓடியது. நல்ல கப்பல்தான், சுமார் நாலு மணி நேரம். ஐப்பசியில் மட்டும் அதை நம்பி ஹோட்டல் போடாதீர்கள்.

"சின்னத் தீவு, மூணு நாள்ல சுத்தீரலாம்." இதைச் சொல்கிறவர் வரைபடத்தில் இந்தியாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருப்பார். 65,610 சதுர கிலோமீட்டர், தமிழ்நாட்டில் சரிபாதி. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் சுமார் 400 கிலோமீட்டர். கண்டியிலிருந்து நுவரெலியா 80 கிலோமீட்டருக்குள்தான், ஆனால் வளைவு வளைவாக இரண்டரை மணி நேரம் பிடிக்கும். ஐந்து நாளில் ஏழு ஊர் என்று அச்சடித்த பேக்கேஜை வாங்கினால் நீங்கள் பார்க்கப்போவது வேன் ஜன்னலைத்தான். இரண்டு ஊர், ஊருக்கு மூன்று ராத்திரி. அதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

கொழும்பு விமான நிலையம் என்கிறார்களே, அது கொழும்பில் இல்லை. 30 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, நீர்கொழும்புக்குப் பக்கத்தில், கட்டுநாயக்கவில் இருக்கிறது. அதை ஒட்டியே 1978-ல் தொடங்கிய சுதந்திர வர்த்தக வலயம், பெரும்பாலும் கார்மெண்ட்ஸ். நமக்கு வரவேண்டிய ஆர்டர் எங்கே போயிற்று என்று தேடுகிற ஏற்றுமதிக்காரர்களுக்கு அதுவே ஒரு சுற்றுலாத் தலம். ஷிப்ட் விட்டு டிபன் பையோடு வேகமாக நடந்து வரும் பெண்பிள்ளைகளைப் பார்த்தால் எங்கள் ஊர் அனுப்பர்பாளையம் ஸ்டாப்பில் நிற்கிற மாதிரியே இருக்கும். வடக்கை மட்டும் பார்க்க நினைப்பவர்கள் கொழும்புக்கே போக வேண்டியதில்லை. சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 2019-லும், திருச்சியிலிருந்து 2025 மார்ச் இறுதியிலும் விமானம் வந்துவிட்டது. நமக்குத் திருச்சி பக்கம்.

அடுத்தது இரண்டு நம்பிக்கைகள், ஒன்றுக்கொன்று நேர் எதிர். "அது புத்த நாடு, நமக்கு அங்க என்னங்க இருக்குது?" என்பார் ஒருவர். "எல்லாமே ராவணன் கட்டுனது" என்பார் இன்னொருவர்.

ராவணனை முதலில் பார்ப்போம். பேக்கேஜ் நோட்டீஸ்களில் சிகிரியா மலை 'ராவணன் கோட்டை'. கட்டியவன் காசியப்பன், ஆண்டது 477 முதல் 495 வரை. அப்பன் தாதுசேனனைக் கொன்று அரியணை ஏறியவன். இந்தியாவுக்கு ஓடிப்போன தம்பி முகலன் படையோடு வருவான் என்ற பயத்தில் பாறை உச்சியில் அரண்மனை கட்டிக்கொண்டான். சொத்துத் தகராறு, பங்காளிப் பயம் எல்லாம் இருக்கிற இந்தக் கதையை விட்டுவிட்டு ராவணனை எதற்கு இழுக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை. சுமார் 1,200 படி, நடுவழியில் ஓவியப் பெண்கள், அதையொட்டிக் கண்ணாடிச் சுவர். பல நூற்றாண்டுகளாகப் பார்க்க வந்தவர்கள் அந்தச் சுவரில் கவிதை கிறுக்கியிருக்கிறார்கள். அதைப் பார்த்து உங்களுக்கும் கை துறுதுறுத்தால் அடக்கிக்கொள்ளுங்கள். 2015-ல் அதில் பேரைக் கிறுக்கிய ஓர் இளம்பெண்ணுக்கு இரண்டு வருஷம் சிறை விதித்தார்கள். ஜனாதிபதி மன்னித்ததால் வெளியே வந்தார். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் சீதா எலியவில் சீதையம்மன் கோவில் இருக்கிறது. கும்பிடப் போங்கள், நல்ல இடம். அதைத் தொல்லியல் ஆதாரம் என்று சொல்லி விற்கிறவரிடம் மட்டும் ஜாக்கிரதை.

நமக்கு அங்கே என்ன இருக்கிறது என்பவரைப் பொலன்னறுவையில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். 993-ல் ராஜராஜன் படை போய், அந்த ஊருக்கு ஜனநாதமங்கலம் என்று பேர் வைத்தது. செங்கல் ஸ்தூபிகளுக்கு நடுவே ஒரு சின்னக் கற்கோவில் நிற்கும். பலகையில் சிவ தேவாலயம் எண் 2 என்றிருக்கும். அது வானவன் மாதேவி ஈச்சரம். சோழ அரசி ஒருத்தியின் பேர். கிட்டே போனால் தாராசுரத்தையோ தஞ்சாவூர்ப் பக்கத்து ஏதோ ஒரு கிராமக் கோவிலையோ பார்த்த மாதிரி இருக்கும், அதே கை. 1070-ல் விஜயபாகு சோழரை விரட்டினான். அதற்குப் பிறகுதான் சுவாரசியம். புத்தரின் பல் வைத்திருந்த ஆலயத்தை நாங்கள் காப்போம் என்று வேளைக்காரர் என்ற கூலிப்படை உறுதி கொடுத்த கல்வெட்டு அதே ஊரில் இருக்கிறது. தமிழில். எது யாருடையது என்று கோடு கிழிக்க வருகிறவர்கள் அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம்.

கண்டியில் ஏரியைச் சுற்றி நடக்காத டூர் இல்லை. அதை வெட்டியவன் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், மதுரை நாயக்கர் உறவுவழி வந்தவன். 1815-ல் ஆங்கிலேயர் அவனைப் பிடித்து வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். 1832-ல் அங்கேயே இறந்தான். கண்டிக்குப் போகும் முன் வேலூரில் அவன் நினைவிடமான முத்து மண்டபத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர் யாரையாவது சந்திக்க எனக்கு ஆசை.

"தமிழ் தெரிஞ்சாப் போதும்." வடக்கிலும் கிழக்கிலும் மலையகத்திலும் போதும். 1987-ல் 13-வது திருத்தத்தில் தமிழும் ஆட்சிமொழியானது, பலகையெல்லாம் மூன்று மொழியில் இருக்கும். காலியில் ஆட்டோக்காரரிடம் பலகை பேசாதே. கொஞ்சம் ஆங்கிலம் வேண்டும். யாழ்ப்பாணத்திலும் நம் தமிழ் அப்படியே ஓடாது. பஸ் ஸ்டாண்டில் கடலை கேட்டேன். தாளித்த கொண்டைக்கடலை வந்தது. எனக்கு வேண்டியதற்கு அங்கே பேர் கச்சான். கடைக்கார அம்மா சிரித்துவிட்டு, "இந்தியாவில இருந்தே வந்தனீங்கள்? இருந்து தேத்தண்ணி குடியுங்கோ" என்றார். நம் 'ங்க'வுக்குச் சமமாக அவர்கள் 'ங்கோ' வைத்திருக்கிறார்கள்.

சாப்பாட்டில் ஒரு பொறி உண்டு. புத்த நாடு, அதனால் சைவம் என்று எங்கள் பக்கத்து மாமிகள் நம்புகிறார்கள். தேங்காய்ச் சம்பலிலும் காய்கறியிலும்கூட மாசிக் கருவாட்டுத் தூள் போடுவது அங்கே வழக்கம். "மாசி போட்டதா?" என்று கேட்டே சாப்பிட வேண்டும். யாழ்ப்பாணத்திலும் கொழும்பு வெள்ளவத்தையிலும் சைவக் கடைகள் உண்டு. மாமாக்களுக்கும் ஒரு தகவல். பௌர்ணமிதோறும் போயா, அரசு விடுமுறை. அன்று சரக்கு விற்பனை கிடையாது. நம்ம ஊரில் காந்தி ஜெயந்திக்கு முந்தின நாள் வரிசை நிற்பதை அங்கே மாதம் ஒரு தடவை பார்க்கலாம்.

பணத்துக்கு வருவோம். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே மூன்று ரூபாய்க்கு மேல் கிடைக்கும் என்பதால் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு விலை என்று கணக்குப் போடுகிறார்கள். விலையும் அந்த ரூபாயில்தானே இருக்கும்! சிகிரியா மாதிரி இடங்களில் வெளிநாட்டாருக்கு டாலர் கட்டணம். சார்க் நாட்டவருக்குக் குறைவு, ஆனால் பாஸ்போர்ட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். 2024 பிப்ரவரியிலிருந்து யுபிஐ செல்லும், எல்லாக் கடையிலும் இல்லை. நுழைவு அனுமதியான இடிஏ கட்டணம் சில வருஷமாக உண்டு, இல்லை, உண்டு என்று மாறிக்கொண்டே இருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த பழைய செய்தியை நம்பாமல், அரசு இணையதளத்தில் கிளம்பும் மாதத்தில் பாருங்கள். அந்தத் தளத்தைப் போலவே பேர் வைத்துக்கொண்டு கூடுதல் காசு பிடுங்கும் தளங்களும் உண்டு. பேக்கேஜ் பில்லில் டிசிஎஸ் வரி என்று பிடிப்பது தண்டச்செலவு இல்லை. ரிட்டர்னில் கழித்துக்கொள்ளலாம், உங்கள் ஆடிட்டருக்குத் தெரியும்.

இதையெல்லாம் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் ஒரு பேக்கிங் மாஸ்டர் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டிருந்தார். "பாஸ்போர்ட் இல்லாதவனுக்குத் தீவே கெடையாதுங்களா?"

இருக்கிறது. ராமேஸ்வரமும் தீவுதான். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாம்பன் பாலத்தில் ரயிலிலேயே போகலாம். 1914-லிருந்து போட் மெயில் ரயிலில் தனுஷ்கோடி வரை போய், கப்பலில் தலைமன்னார் இறங்கினார்கள். 1964 டிசம்பர் புயல் அந்தத் தனுஷ்கோடியை அழித்தது. அவிநாசியையும் திருமுருகன்பூண்டியையும் பாடிய நம்ம சுந்தரர், மன்னாரில் இருக்கும் திருக்கேதீச்சரத்தையும் பாடியிருக்கிறார். பெரியபுராணம் சொல்வதைப் பார்த்தால் அவர் கடல் தாண்டவில்லை. ராமேஸ்வரத்திலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்.

"அங்கிருந்து பாத்தா இலங்கை தெரியுங்களா?"

"தெரியாதுங்க, முப்பது கிலோமீட்டர் கிட்ட இருக்குது. ஆனா தனுஷ்கோடி அரிச்சல்முனைல நின்னா போனு சில நேரம் இலங்கை டவரப் புடிச்சுக்கும். ரோமிங்க ஆஃப் பண்ணி வெச்சுக்கங்க."